காம்ஷெட்: மிதித்து ஏறலாம், பறந்து இறங்கலாம்

மும்பைக்கும் புனேக்கும் நடுவே, லோணாவ்ளாவைத் தாண்டி இருக்கும் சிற்றூர் காம்ஷெட். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாராகிளைடிங் பழக விரும்புவோர் தேடிவரும் இடம் இது. மும்பையின் செம்பூரிலிருந்து சைக்கிளில் கிளம்புவோர் பன்வேல், கோபோலி வழியாகப் பழைய சாலையில் போர் காட் மலைப்பாதையில் ஏறுகிறார்கள். மும்பை-புனே விரைவுச் சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. கோபோலியைத் தாண்டியதும் ஏற்றம் செங்குத்தாகிறது. பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்துக்குச் செயினை மாற்றி, மூச்சு வாங்காமல் சீராக மிதிப்பதே இங்கே கைகொடுக்கும்.

காம்ஷெட் சேர்ந்த பின் பறப்பதற்கு அடிப்படை காற்றுதான். மலைச்சரிவில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்பி இறக்கையைத் தூக்குகிறது. 1948இல் அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் ரோகல்லோ உருவாக்கிய வளையும் இறக்கையிலிருந்து வந்தது ஹேங் கிளைடர். அதற்கு அலுமினியச் சட்டம் உண்டு. விமானி குப்புறத் தொங்கியபடி உடலைச் சாய்த்துத் திருப்புவார். பாராகிளைடருக்குச் சட்டமே கிடையாது, மடித்து முதுகில் சுமக்கலாம். அதன் துணி இறக்கையைத் தரையில் விரித்து, எதிர்காற்றில் இழுத்து, அது தலைக்கு மேல் நிமிர்ந்ததும் சரிவில் ஓட வேண்டும். அந்தச் சில அடிகளில் தயங்கி உட்கார்ந்துவிடுவதுதான் புதியவர்களுக்கு ஆபத்து.

அக்டோபர் முதல் மே வரை பறக்கும் காலம். பருவமழை தொடங்கினால் பறப்பது நின்றுவிடும்.