தனிச் சுரங்கமா, கூட்டுச் சுரங்கமா?

சுரங்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்குக் கோலாரும் நெய்வேலியும் ஞாபகத்துக்கு வரும். கோலார் தங்கச் சுரங்கம் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. நெய்வேலியில் இன்றும் பழுப்பு நிலக்கரி எடுக்கிறார்கள். ஆனால் முகப்பேரில், அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியிலே, கடப்பாறையும் மண்வெட்டியும் இல்லாமல் சுரங்கம் நடத்த விரும்பும் பிள்ளைகள் இப்போது தோன்றியிருக்கிறார்கள். அவர்கள் தோண்ட விரும்பும் பொருள் பிட்காயின். "தனியாகத் தோண்டுவதா, கூட்டத்தில் சேர்ந்து தோண்டுவதா?" என்பதுதான் அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. பணம் போடப் போகிற தகப்பனாரும், மின்சாரக் கட்டணம் கட்டப் போகிற தாயாரும் இந்தக் கேள்வியின் உட்பொருளைத் தெரிந்து கொள்வது அவசியம்.

பிட்காயின் என்பது எந்த அரசாங்கமும் அச்சடிக்காத, கம்ப்யூட்டர்களில் மட்டும் வழங்கும் நாணயம். அதன் கொடுக்கல் வாங்கல் கணக்கு முழுவதும் ஒரு பொதுப் பேரேட்டில் ஏறுகிறது. சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அந்தப் பேரேட்டில் ஒரு புதிய பக்கம் சேர்கிறது. அந்தப் பக்கத்துக்கு முத்திரை வைக்க வேண்டுமானால், ஒரு கடினமான நிபந்தனைக்குப் பொருந்தும் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குச் சூத்திரமோ குறுக்கு வழியோ கிடையாது. யந்திரம் ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்த்துக் கொண்டே போக வேண்டியதுதான். முதலில் கண்டுபிடித்தவருக்கே வெகுமதி. 2009-ஆம் ஆண்டில் ஒரு பக்கத்துக்கு 50 பிட்காயினாக இருந்த வெகுமதி, ஏறக்குறைய நான்காண்டுக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரல் முதல் 3.125 ஆக இருக்கிறது. தோண்டுகிறவர்கள் பெருகினால் நிபந்தனையும் தானாகவே கடுமையாகிவிடும். ஆகையால் ஊரெல்லாம் சேர்ந்து தோண்டினாலும் பத்து நிமிஷம் பத்து நிமிஷந்தான்.

இனித் தனிச் சுரங்கத்தின் கணக்கைப் பார்ப்போம். 2025-ஆம் ஆண்டில் உலகத்திலுள்ள யந்திரங்கள் எல்லாம் சேர்ந்து நொடிக்குச் சுமார் கோடி கோடி கோடி முறை எண்ணைப் போட்டுப் பார்த்தன. இது எழுத்துப் பிழையன்று. ஒன்றுக்குப் பின் இருபத்தொரு பூஜ்யம். இந்தத் தொழிலுக்கென்றே செய்த நல்ல யந்திரம் ஒன்று நொடிக்கு இரண்டு கோடி கோடி முறை முயலும். ஆகவே ஒரு சுற்றில் அதற்கு வெற்றி கிட்டும் வாய்ப்பு ஐம்பது லட்சத்தில் ஒன்று. சுற்றுக்குப் பத்து நிமிஷம் என்றால் ஐம்பது லட்சம் சுற்றுக்கு ஐந்து கோடி நிமிஷம், அதாவது 95 ஆண்டு! அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. தொண்ணூற்று நாலு வருஷம் காத்திருந்தவருக்கு அடுத்த வருஷம் கட்டாயம் கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. தாயக்கட்டைக்கு முந்தின ஆட்டம் நினைவிருப்பதில்லை; இந்த யந்திரத்துக்கும் அப்படியே.

அப்படியானால் தனியாக ஜயித்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். 2022 ஜனவரியில், நாம் உதாரணமாகக் கொண்ட யந்திரத்தைவிடக் குறைந்த சக்தியுடன் தனித்து முயன்ற ஒருவருக்கு 6.25 பிட்காயின் கிடைத்தது. பத்திரிகைகள் அதைப் பெரிதாக வெளியிட்டன. கிடைக்காத லட்சம் பேரைப் பற்றி யார் செய்தி போடுவார்கள்? தமிழ் நாட்டில் 2003-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்ட லாட்டரிச் சீட்டின் கதையும் இதுதானே!

கூட்டுச் சுரங்கம் இந்த அதிர்ஷ்டக் குறையைத் தீர்க்கப் பிறந்தது. நமது கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலர் சேர்ந்து வலையை இழுத்து, அகப்பட்ட மீனைப் பங்கு பிரித்துக் கொள்கிறார்கள். அந்த முறையிலேயே 2010-ஆம் ஆண்டில் செக் நாட்டு மாரெக் பலாட்டினஸ் என்பவர் முதல் சுரங்கக் கூட்டத்தைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் யந்திரங்களின் உழைப்பைச் சேர்த்துக் கொள்கிறார்கள். யார் எவ்வளவு உழைத்தார் என்று தெரிந்து கொள்ளவும் ஒரு வழி இருக்கிறது. முழு நிபந்தனைக்குப் பொருந்தாவிட்டாலும், ஓரளவு கிட்டே வந்த விடைகளை ஒவ்வொரு யந்திரமும் அனுப்பிக் கொண்டிருக்கும். அவற்றின் எண்ணிக்கைதான் உழைப்புக்குச் சாட்சி. சரியான விடை கண்டவர் வெகுமதியைச் சுருட்டிக் கொண்டு ஓடவும் முடியாது. ஏனெனில் கூட்டத்தின் விலாசம் அந்த விடையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது.

இங்கேதான் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. கூட்டம் வருமானத்தை ஒழுங்குபடுத்துகிறதே ஒழிய, அதிகப்படுத்துவதில்லை. 95 ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடியதை அன்றாடக் கூலியாகப் பிரித்துத் தருகிறது. அதற்குச் சிறு கட்டணமும் எடுத்துக் கொள்கிறது. அந்தக் கூலி எவ்வளவு? நாள் ஒன்றுக்கு 144 பக்கம், மொத்த வெகுமதி 450 பிட்காயின். அதில் ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு 0.00009. பிட்காயின் ஒன்று ஒரு கோடி ரூபாய் விற்பதாகவே வைத்துக் கொண்டாலும் நாளைக்கு 900 ரூபாய். கட்டணம் நூற்றுக்கு இரண்டு என்றால் மிச்சம் 882.

செலவுப் பக்கத்தைத் திருப்புவோம். மேற்படி யந்திரம் மூன்றரை கிலோவாட் மின்சாரம் விழுங்கும். நாலு இஸ்திரிப் பெட்டியை ஓர் அறையில் இரவும் பகலும் ஓட்டுவது போலாகும். நாளைக்கு 84 யூனிட். இரண்டு மாதத்துக்கு 5,000 யூனிட்டுக்கு மேல். நமது ராஜ்யத்தில் 2022-ஆம் ஆண்டில் வகுத்த விகிதப்படியே, வீட்டு இணைப்பில் 1,000 யூனிட்டுக்கு மேற்பட்டதற்கு யூனிட்டுக்கு 11 ரூபாய். பின்னர் விகிதம் உயர்ந்ததே தவிரக் குறையவில்லை. வீட்டுக்கென்று 500 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்கு, பழைய விகிதத்திலேயே யந்திரத்துக்காக மட்டும் நாளைக்கு 910 ரூபாய்க்கு மேல் கட்டணம் ஏறும். லட்சக்கணக்கான ரூபாய் யந்திர விலையையும், அறையைக் குளிர வைக்கும் செலவையும், பக்கத்து வீட்டார் தூக்கம் கெடுவதையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. ரிசர்வ் பாங்கு 2018-ஆம் ஆண்டில் விதித்த கட்டுப்பாட்டை 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு ரத்துச் செய்தது. 2022 ஏப்ரல் முதல் இத்தகைய சொத்துக்களை விற்கும் லாபத்துக்கு 30 சதவீதம் வரி. சுரங்கத்துக்கான சாதன அமைப்புச் செலவைக் கொள்முதல் விலையாகக் கழித்துக் கொள்ள முடியாது என்று அரசாங்கம் அந்த ஆண்டிலேயே பார்லிமெண்டில் தெரிவித்தது.

இன்னோர் அபாயம் கூட்டுச் சுரங்கத்தின் பெயரைச் சொல்லிக் கொண்டே வரும். "யந்திரம் வாங்க வேண்டாம், பணத்தை எங்களிடம் கொடுங்கள், நாங்கள் தோண்டித் தருகிறோம்" என்பார்கள். கெயின்பிட்காயின் என்ற திட்டம் மாதம் 10 சதவீதம் வீதம் பதினெட்டு மாதம் தருவதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் பணம் திரட்டி ஏமாற்றியதாக வழக்கு எழுந்தது. அதன் தலைவர் அமித் பரத்வாஜ் 2018-ஆம் ஆண்டில் கைதானார். வழக்கு முடியுமுன்பே 2022-ஆம் ஆண்டில் காலமானார். மெய்யான கூட்டம் உங்கள் யந்திரத்தின் உழைப்பைத்தான் கேட்கும். முதல் கேட்காது, வட்டி வாக்களிக்காது. இந்த அடையாளம் ஒன்றையாவது வீட்டிலுள்ள எல்லோரும் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

ஆகவே, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லக் கூடியது இவ்வளவே. வருமானத்தைக் கருதினால் கூட்டந்தான் வழி. ஆனால் முதலில் மின்சாரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அது நஷ்டம் என்று காட்டினால், எந்தக் கூட்டமும் அதை லாபமாக மாற்றித் தராது. நஷ்டத்தையும் தவணை தவறாமல் தரும், அவ்வளவுதான். சேருவதானால் கட்டணம் எவ்வளவு, எந்தத் தொகை சேர்ந்த பிறகு பணம் கைக்கு வரும் என்ற இரண்டையும் விசாரித்துக் கொள்ளுங்கள். தொழிலைக் கற்றுக் கொள்வதுதான் நோக்கமென்றால், சிறு விளக்களவு மின்சாரத்தில் ஓடும் கையடக்கமான யந்திரங்கள் கிடைக்கின்றன. அதைத் தனியாகவே ஓட்டிப் பாருங்கள். அதற்கு வெற்றி கிட்டச் சராசரியாகப் பத்தொன்பதாயிரம் ஆண்டாகும். ஆனால் பேரேடு எப்படி எழுதப்படுகிறது, நிகழ்தகவு என்றால் என்ன என்பவை ஒரே மாதத்தில் விளங்கிவிடும்.