விட்டுக்கொடுக்காமல் பேசுவது

டீ ஆறுவதற்குள் ஒரு பழைய வாக்குவாதத்தைப் பார்த்துவிடுவோம். 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம், ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். தீண்டாமைக்கு எதிரான சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி, திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இது என்றார். தீண்டாமையைத் தாகூரும் வெறுத்தவர்தான். ஆனால் இந்தக் காரணத்தை அவரால் ஏற்க முடியவில்லை.

மறுப்பு எழுதினார். அதைப் பத்திரிகைக்கு அனுப்பவில்லை, காந்திக்கே அனுப்பினார். நீங்கள் இப்படிப் பேசியதாகச் செய்தி வந்திருக்கிறது, அது உண்மையானால் இதை நீங்களே வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எதிரே இருப்பவர் என்ன சொன்னார் என்று உறுதிசெய்யாமல் மறுப்பது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது போல. தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் ஆளுக்குப் பொருந்தாது. நம் வீட்டு வாக்குவாதங்களில் பாதி இங்கேயே கெட்டுவிடுகின்றன.

அடுத்த படியில்தான் நாம் எல்லோரும் தடுமாறுகிறோம். மரியாதை என்றால் கருத்தைக் கொஞ்சம் நீர்க்கச் செய்வது, “நீங்க சொல்றதும் சரிதான்…” என்று இழுப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். தாகூர் இழுக்கவில்லை. இயற்கைப் பேரழிவுக்கு இயற்கையில்தான் காரணம் இருக்கிறது என்று எழுதினார். இந்த மாதிரி வாதம் காந்தியை விட அவருடைய எதிரிகளுக்கே நன்றாகப் பொருந்தும், அவர்கள் இதே அழிவைக் காட்டி அவர்மேலேயே பழி போடலாம் என்றும் சேர்த்தார். (எனக்கு மிகவும் பிடித்த குத்து இது.) மக்கள் மனத்திலிருந்து அச்சத்தைப் போக்கியவர் காந்தி என்ற நன்றியும் அதே மறுப்பில் இருக்கிறது. அது மேல்பூச்சு இல்லை. அப்படிப்பட்டவரின் வாயிலிருந்தே பகுத்தறிவுக்கு மாறான பேச்சு வரலாமா என்பதுதான் தாகூரின் வேதனை. மரியாதை இருந்ததால்தான் அந்த வாதத்துக்கே கூர்மை வந்தது.

காந்தி என்ன செய்தார்? தாகூரின் மறுப்பைத் தன் ‘ஹரிஜன்’ இதழில், பிப்ரவரி 16 அன்று, தன் பதிலோடு சேர்த்து வெளியிட்டார். இரண்டையும் படித்து வாசகர் முடிவுசெய்துகொள்ளட்டும். தன் நம்பிக்கையிலிருந்து மட்டும் அவர் நகரவில்லை. என்னைக் கேட்டால், தாகூர் பக்கம்தான் நியாயம்.

யாரும் மனம் மாறவில்லையே, பிறகு எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். 1936இல் தாகூர், எழுபதைத் தாண்டிய வயதில், தான் நிறுவிய விசுவபாரதி கல்வி நிலையத்துக்குப் பணம் திரட்ட நாடகக் குழுவோடு ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார். அந்த அலைச்சலை நிறுத்த 60,000 ரூபாய் ஏற்பாடு செய்து கொடுத்தவர் காந்தி.