பணம் எங்கிருந்து வந்தது?

மதுக்கூடம் திறக்க உரிமம் கேட்டால் கட்டட வரைபடம், தீயணைப்புச் சான்று என்று கேட்பார்கள். நெதர்லாந்தின் நகராட்சிகள் இன்னும் துருவலாம்: முதலீடு யாருடையது, கடன் கொடுத்தவர் யார், கடையை உண்மையில் நடத்தப்போவது யார்? 2003 ஜூனில் நடைமுறைக்கு வந்த 'பீபோப்' சட்டம் தந்த அதிகாரம் இது. போதைப்பொருளில் சம்பாதித்த பணம் அரசு தரும் உரிமத்தாலேயே வெள்ளையாகிவிடக் கூடாது என்பதே நோக்கம். சந்தேகம் தீராவிட்டால், நீதி அமைச்சகத்தின் கீழுள்ள தேசிய அலுவலகம் காவல்துறை, வரித்துறைப் பதிவுகளைப் புரட்டி ஆலோசனை சொல்லும். முடிவு நகராட்சியின் கையில்.

ஆம்ஸ்டர்டாமின் பேர்போன பாலியல் விடுதி 'யாப் யும்' 2008 ஜனவரியில் இப்படித்தான் மூடப்பட்டது. ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் கும்பலின் பிடியில் அது இருப்பதாக நகராட்சி கருதியது.

சட்டம் தேவைதான். ஆனால் குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை, 'கடும் அபாயம்' தெரிந்தாலே மறுக்கலாம் என்பது என்னை உறுத்துகிறது. அண்ணன் கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்குச் சிறு கடைக்காரர் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்? மறுக்கும் முன் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும், நீதிமன்றத்துக்கும் போகலாம். அதுவரை கடை வாடகையை யார் கட்டுவது?