ஒரு பங்குக்கு எத்தனை வாக்கு?

“பங்கு வாங்கியிருக்கிறேன். அப்படியானால் நானும் அந்த நிறுவனத்தின் முதலாளிகளில் ஒருவன்தானே?” முதலீடு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் கேட்கப்படும் கேள்வி இது. ஆம், முதலாளிதான். ஆனால், உங்கள் சொல் எடுபடுமா என்பது உங்கள் பங்குக்கு எத்தனை வாக்கு என்பதைப் பொறுத்தது.

பெரும்பாலான நிறுவனங்களில் ஒரு பங்குக்கு ஒரு வாக்கு. சிலவற்றில் இருவகைப் பங்குகள் உண்டு. பொதுமக்கள் வாங்கும் சாதாரணப் பங்குக்கு ஒரு வாக்கு. நிறுவனர் வைத்திருக்கும் சிறப்புப் பங்குக்குப் பத்து வாக்கு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 100 பங்குகள். பொதுமக்களிடம் 90, நிறுவனரிடம் 10. பொதுமக்களுக்கு 90 வாக்குகள். நிறுவனருக்கோ 100 வாக்குகள்! பத்து விழுக்காட்டுக்குச் சொந்தக்காரர் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளை வைத்திருக்கிறார்.

இதற்கு நிறுவனர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள். பலன்தரப் பல ஆண்டுகள் பிடிக்கும் திட்டங்களைப் பதவி பறிபோகும் என்ற அச்சமின்றி நடத்த இது தேவை என்பார்கள். கூகல் நிறுவனம் 2004-இல் சந்தைக்கு வந்தபோது இந்த முறையைத்தான் பின்பற்றியது.

அப்படியானால் அந்தப் பத்து வாக்கு என்றென்றும் நீடிக்குமா? இங்குதான் ‘மாற்று விதி’ வருகிறது. சிறப்புப் பங்கு வெளியாருக்குக் கைமாறினால் அது சாதாரணப் பங்காக மாறிவிடும் என்பதே பொதுவான ஏற்பாடு.

நம்மவர் பலருக்கும் பிடித்த காற்பந்துக் குழுவான மான்செஸ்டர் யுனைடெட்டைப் பாருங்கள். முதலில் சிங்கப்பூரில் பங்கு வெளியிடத் திட்டமிட்ட அது, 2012 ஆகஸ்டில் நியூயார்க் சந்தைக்குச் சென்றது. கிளேசர் குடும்பத்தாரின் சிறப்புப் பங்குக்குப் பத்து வாக்கு. 2024-இல் அவற்றில் கால்வாசியை ஜிம் ராட்கிளிஃப் வாங்கினார். அவை சாதாரணப் பங்காகிவிட்டனவா? இல்லை. அமைப்பு விதி திருத்தப்பட்டு, பத்து வாக்குடனேயே அவர் கைக்குப் போயின. திருத்தத்துக்குத் தேவையான வாக்குகள் கிளேசர் குடும்பத்திடமே இருந்தன.

சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை 2018 ஜூன் மாதம் இருவகைப் பங்குகளை அனுமதித்தபோது இந்த ஓட்டையை அடைக்க முயன்றது. இங்கே ஒரு பங்குக்குப் பத்து வாக்குக்கு மேல் கூடாது. கைமாறினாலோ, பொறுப்பான இயக்குநர் பதவி விலகினாலோ சிறப்புப் பங்கு சாதாரணப் பங்காகிவிடும். அமைப்பு விதியைத் திருத்துவது, சுயேச்சை இயக்குநர், தணிக்கையாளர் ஆகியோரை நியமிப்பது, நீக்குவது, சந்தையிலிருந்து வெளியேறுவது போன்றவற்றில் எல்லாப் பங்குக்கும் ஒரு வாக்குதான். விதிவிலக்கு வேண்டுமென்றாலும் அதே ஒரு வாக்கு முறையில்தான் ஒப்புதல் பெற வேண்டும்.

ஆகவே, ஓய்வுக்காலச் சேமிப்பைப் பங்கில் போடும் முன், வெளியீட்டு அறிக்கையில் மூன்று விவரங்களைத் தேடுங்கள். நிறுவனரின் பங்குக்கு எத்தனை வாக்கு? அது எப்போது சாதாரணப் பங்காக மாறும்? அந்த விதியை மாற்றும் அதிகாரம் யாரிடம்? முதல் இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்து, மூன்றாவதற்கு “நிறுவனரிடமே” என்று பதில் வந்தால், அந்தப் பாதுகாப்பை நம்பிப் பணம் போடாதீர்கள். வெளிநாட்டுப் பங்குகளை வாங்குவோர் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் விதிகள் அங்கே உங்களுக்குத் துணைவராது.