சட்டத்தின் வழியே வரும் சர்வாதிகாரம்

சர்வாதிகாரம் என்றதும் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். ஜேர்மனியிலோ அது சட்டத்தின் வழியே வந்தது. 1919ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பின் 48ஆவது உறுப்புரை, அவசர காலத்தில் ஜனாதிபதிக்குத் தனி அதிகாரம் வழங்கியது. 1930இன் பின், பெரும்பான்மையற்ற அரசுகள் அதையே நம்பி ஆட்சி நடத்தின. 1933 ஜனவரியில் சான்சலரான ஹிட்லர், அதே உறுப்புரையைக் கொண்டு பேச்சுரிமையை நிறுத்தினார். மார்ச் 23இல் பாராளுமன்றமே சட்டமியற்றும் அதிகாரத்தை அவரிடம் ஒப்படைத்தது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சபைக்கு வரவே விடப்படவில்லை.

ஜேர்மனி தளர்ந்துகொண்டிருந்த 1931இல்தான் இலங்கையில் ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆயினும் நம் நாடும் அந்தச் சறுக்குப் பாதையில் சில அடிகள் வைத்தது. 1977இல் 168 ஆசனங்களில் 140ஐ வென்ற ஐக்கிய தேசியக் கட்சி, 1978இல் நிறைவேற்று ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்தது. 1980இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் பறிக்கப்பட்டன. 1982இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன, தம் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கிக்கொண்டார். டிசம்பர் 22இல், பொதுத் தேர்தலுக்குப் பதிலாக சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. நீடிப்புக்கு விளக்கு, எதிர்ப்புக்குக் குடம். உங்கள் உம்மும்மாவிடம் கேட்டுப் பாருங்கள். விளக்கு வென்றது, அதே பாராளுமன்றம் மேலும் ஆறு ஆண்டுகள் நீண்டது.

ஜேர்மனியைப் போல இங்கு எதிர்க்கட்சிகள் யாவும் தடைசெய்யப்படவில்லை. அதனால் 1989இல் மீண்டும் பொதுத் தேர்தல் வந்தது.

மஷூராவை வலியுறுத்தும் மார்க்கம் நம்முடையது. அடுத்த வருடம் எனக்கு வாக்களிக்கும் வயது. வெல்பவர் யார் என்று மட்டுமல்ல, தோற்றவர் மீண்டும் போட்டியிட முடியுமா என்றும் நாம் கேட்க வேண்டும், சகோதரிகளே.