தேயிலையும் உரிமைக் குரலும்

கைத்தொழிற் புரட்சி என்றவுடன் மான்செஸ்டர் நகரத்து நெசவாலைகளே நம் நினைவுக்கு வருகின்றன. அப்புரட்சியின் அலை எங்கள் பூண்டுலோயா மலைகளையும் மாற்றியது.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, தேயிலை வந்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் ஆட்கள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் வேண்டும். கொய்த கொழுந்தைத் தாமதமின்றி வாட்ட வேண்டுமாதலால், ஆலையும் தோட்டத்துள்ளேயே எழுந்தது. தமிழகத்திலிருந்து வந்துபோனோர் லயங்களில் நிலைத்தனர். பெரட்டுத் தப்பே அவர்களுக்கு ஆலைச் சங்காயிற்று.

ஒன்றாய் உழைத்தோர் ஒன்றாய்க் கேட்கவும் கற்றனர். 1931இல் கோ. நடேசய்யர் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சங்கம் கண்டார். அவ்வாண்டே தோட்ட மக்களில் ஒரு பகுதியினர் வாக்காளராயினர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்கு 2003இலேயே வழி பிறந்தது.

லயத்திலிருந்து வரும் என் மாணவருக்கு இதனையும் சரித்திரமென்றே போதிக்கின்றேன்.