'பியூஸ்' போனால் தடிக்கம்பியா? நீச்சல் குளத்தில் எமன்!

சென்னையில் அடுக்கு மாடி வீடுகள் பலவற்றில் இப்போது நீச்சல் குளம் இருக்கிறது. தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு மோட்டார் தினமும் பல மணி நேரம் ஓடும். அதன் 'பியூஸ்' அடிக்கடி போனால், "தடியா ஒரு கம்பியைச் சுத்தி விடுப்பா!" என்பார்கள். இது உயிருக்கே ஆபத்து!

எத்தனை ஆம்பியர்?

ஒரு குதிரை சக்தி என்றால் 746 வாட். "230 வோல்ட்டுக்கு மூணேகால் ஆம்பியர்தானே?" என்று கணக்குப் போடக் கூடாது. 746 வாட் என்பது மோட்டார் தரும் வேலை. அது இழுக்கும் மின்சாரம் அதைவிட அதிகம். மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியர்தான் கணக்கு.

தகட்டில் 8 ஆம்பியர் என்றால், கால் பங்கு கூட்டி 10 ஆம்பியராவது தாங்கும் ஒயர் வேண்டும். மோட்டார் தூரத்தில் இருந்தால் ஒயர் இன்னும் தடிமனாக வேண்டும். இல்லாவிட்டால் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் திணறிச் சூடாகும்.

கிளம்பும்போது மோட்டார் 5, 6 மடங்கு இழுக்கும். அந்தச் சில நொடியைத் தாங்க 'சி' ரக எம்.சி.பி. போடுவார்கள். பியூசும் எம்.சி.பி.யும் காப்பது ஒயரை. தடிக்கம்பி போட்டால் பியூஸ் போகாது, ஒயர்தான் எரியும்!

குளிப்பவர் கதி?

16 ஆம்பியர் எம்.சி.பி. ஆளைக் காப்பாற்றாது. ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் பாய்ந்தாலே உயிர் போகலாம். அதனால் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. வேண்டும். மோட்டாருக்கு 'எர்த்' கட்டாயம்.

மாதம் ஒரு முறை ஆர்.சி.சி.பி.யில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை அமுக்கிப் பாருங்கள். 'டக்'கென்று விழவில்லையா? குழந்தைகளைக் குளத்தில் இறக்காதீர்கள். முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்!